மலை தெரியும் அறைகளுக்கு எதிரே

மார்ச் 3, திங்கள். திருப்பதி.

மாடி அறையின் அனுமதி ஃபைல் திரும்பி வந்துவிட்டது. தளம் போட்டாகிவிட்டது, பூச்சுதான் பாக்கி. இப்போது வேலையை நிறுத்தச் சொல்கிறார்கள். கூரை வழியாக வெப்பம் எவ்வளவு இறங்கலாம் என்று விதியில் ஒரு வரம்பு இருக்கிறது. வெறும் கான்கிரீட் அதைத் தாண்டுகிறது. "ரூஃப் இன்சுலேஷன் லேது கதா சார்" என்றார் கிளார்க், வெப்பத்தடுப்பு இல்லையே என்று. விதி சரிதான். ஆனால் இந்தத் தெருவில் இத்தனை மாடிகள் எழும்பியிருக்க, என் கூரை மட்டும் எப்படிக் கண்ணில் பட்டது? புகார் வந்ததாம். பெயர் சொல்லவில்லை. இத்தனை வருடம் நிருபராக இருந்தவனுக்குப் பெயர் தெரிய ஒரு டீ போதும்.

புருஷோத்தமன். வீட்டுக்குப் பின்னால் லாட்ஜ் வைத்திருப்பவன்.

மகள் ரக்ஷிதாவுக்கு மே முதல் வாரம் நாள் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பிரசவம். அந்த அறை அவளுக்காக. கீழே வேறு இடமில்லை.

மார்ச் 4

காரணம் விளங்கியது. 'மலை தெரியும் அறை' என்று லாட்ஜில் தனி வாடகை. அவன் ஜன்னல்கள் எல்லாம் என் மொட்டைமாடியைத் தாண்டித்தான் திருமலையைப் பார்க்கின்றன. என் அறை எழுந்ததில் முதல் மாடிக்கு மலை போயிற்று. மேல் மாடிகளுக்கு மட்டும் என் கூரைக்கு மேலாகத் தெரியும்.

நேரில் வந்து சொல்லியிருக்கலாம். போன மாதம் கேட்டில் நின்று, "நல்லா கட்டுங்க கேசவன் சார், பொண்ணு வர்றதுக்குள்ள முடிச்சிருங்க" என்றவன். அதுதான் தாங்கவில்லை.

அந்த லாட்ஜைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. எழுத மாட்டேன். சொந்தப் பகைக்குப் பேப்பரைத் தொட்டதில்லை. ஆனால் விடவும் மாட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்ஜினியர் முரளி வந்தான். எங்கள் பாலசமுத்திரத்துப் பையன்.

"சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போடலாம் சார். ஆனா வெயிட்டு ஜாஸ்தி, காயறதுக்குள்ள பேத்தி பொறந்துடும்."

"வெள்ளை பெயின்ட்?"

"சூடு கொறையும். இவங்க கணக்குல வராது. ரெண்டு இன்ச் ஃபோம் பலகை போட்டு, மேல காங்கிரீட், அதுக்கு மேல டைல்ஸ். ஃபோம்தான் ரூலுக்கு. டைல்ஸ் உங்க இஷ்டம், எந்த கலர் வேணா ஒட்டிக்கலாம். வெள்ளை மட்டும் வாணாம். கூசும்."

"யாருக்கு?"

லாட்ஜ் ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தான். "எதிர்ல கீறவங்களுக்கு."

"வெள்ளையிலேயே எது ரொம்பக் கூசும்?" என்று கேட்டேன்.

மார்ச் 29

ஃபோம் போட்டாயிற்று. மேலே பளபளப்பான வெள்ளை டைல்ஸ். ஆபீஸிலிருந்து வந்து அளந்து பார்த்து, ஃபைலில் கையெழுத்தும் ஆகிவிட்டது. விதிப்படி ஒரு குறையும் இல்லாத பழிவாங்கல். இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

ஏப்ரல் 16

காலை பத்து மணிக்கு மேல் லாட்ஜில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருப்பதில்லை. மலைக்காகக் காசு கொடுத்த குடும்பம் ஒன்று பெட்டியோடு இறங்கிப் போனது.

சாயங்காலம் புருஷோத்தமன் வந்தான். "சார், உங்க கூரை கண்ணைப் புடுங்குது."

"ரூல் பிரகாரம்தான் போட்டேன். இன்சுலேஷன் இல்லைன்னு யாரோ புகார் குடுத்தாங்க."

செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். எனக்கு இன்று இரண்டு காபி.

ஏப்ரல் 24

லாட்ஜின் மூன்றாம் மாடி முழுக்கக் கருப்புத் திரை. மொட்டைமாடிக்குப் போய்ப் போய்ப் பார்த்தேன். "புதுசா சினிமா கொட்டாய் தொறந்த மாதிரி ஏறி ஏறி பாத்துக்கினு கீறீங்க" என்கிறாள் என் மனைவி கமலம்மா.

மே 6

பெண் குழந்தை. இருவரும் நலம்.

மே 11, ஞாயிறு

ரக்ஷிதாவும் குழந்தையும் மாடி அறையில். மதியம் வெளியே 42, உள்ளே 34. ஏசி போடாமல். ஃபோம் வேலை செய்கிறது.

மே 14

பங்காருபாளையத்திலிருந்து சம்மந்தியம்மா தனபாக்கியம் குழந்தையைப் பார்க்க வந்தார். பெண் எடுத்த வீட்டில் இரவு தங்குவது அவர்கள் வழக்கமில்லை. மாப்பிள்ளை தருண் போனிலேயே அறை போட்டுவிட்டான். எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்பதுதான் என் தொழில்.

மே 15

மத்தியானம் சம்மந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான்.

"கியூல நிக்க எனுக்கு காலு ஏது அண்ணி, ஜன்னலாண்ட குந்திக்கினே மலைய கும்பிட்டுக்கலாம்னுதான் அந்த ரூமு" என்றார் கமலம்மாவிடம். "தொறந்தா மலையா தெரியுது? எவனோ ஒருத்தன் கூரைதான் தெரியுது. கண்ணுல தண்ணியா ஊத்துது. மனுசன்தானா அவன்?"

கமலம்மா என்னைப் பார்த்தாள். நான் குழந்தையைப் பார்த்தேன். லாட்ஜ் வாசல் பின்தெருவில். மேலிருந்து பார்த்தால் எந்த வீட்டுக் கூரை என்று புதிதாக வந்தவருக்குத் தெரியாது.

"யார் வூடுன்னு லாட்ஜ்காரர கேட்டேன். தெரியாதும்மான்னுட்டாரு. ரூமு போட்டப்ப, மாமியாரு வூடு எங்கன்னு தருண சிரிச்சிக்கினே கேட்டாராம்."

தெரியாதாம். சொல்லித் தொலைத்திருந்தால் தீர்ந்திருக்கும். சொல்லாமல் வைத்திருக்கிறான். எதற்கு? என்றைக்கு எடுப்பான்? நானாக இருந்தால் பேர் வைக்கிற அன்று, எல்லோரும் கூடியிருக்கும்போது சொல்வேன். சீ. அவன் மாதிரி யோசிக்க எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது.

அவர் திரும்பிப் போன பிறகு கமலம்மா ஒன்றே ஒன்று சொன்னாள். "நாளைக்கு அவங்களுக்கு தெரிஞ்சா, நம்ம பொண்ணு அந்த வூட்லதான் வாழணும்."

மே 16, வெள்ளி

முரளிக்கு போன் செய்தேன். டைல்ஸ் மேலே வேறு நிறம் அடித்தால் விதி இடிக்குமா? "இடிக்காது சார். ஃபோம் கீழதான கீது." சிரித்தானா என்று தெரியவில்லை. செங்காவி நிறத்தில் ஒரு டப்பா வாங்கி வந்தேன். விடிந்ததும் ஆரம்பிக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள்.

மே 18, ஞாயிறு

பேர் வைத்தாயிற்று. யமுனா. புருஷோத்தமன் வந்தான், குழந்தை கையில் பணம் வைத்தான், ஒன்றும் சொல்லாமல் போனான். சம்மந்தியம்மா காலை முழுவதும் ஜன்னலைத் திறந்து வைத்து மலையைப் பார்த்தாராம். "அந்தாளுக்கு சாமி புத்தி குடுத்துட்டாரு" என்றார். கமலம்மா பாயசம் பரிமாறப் போய்விட்டாள்.

கூரை முழுவதும் செங்காவி. ஓரத்தில் இரண்டு வரிசை மட்டும் வெள்ளையாக நிற்கிறது. பெயின்ட் தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். லாட்ஜில் புருஷோத்தமன் படுக்கும் அறைக்கு நேர் கீழே இருக்கிற வரிசைகள்.

டப்பாவில் பாதி மீதி. மாடிப்படிக்கு அடியில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.