வெள்ளலைத்துறையில் சீட்டு அச்சாகாத காரியம்

திரைசூழ் நெய்தலங்கோட்டு அரசியார் பூங்கொடை நாச்சியாரின் ஆணை சுமந்து, பொறிகளின் காரியம் பார்க்கும் அமைச்சன் இளஞ்சேயன் வெள்ளலைத்துறையிலிருந்து எழுதும் ஓலை. மாடமலைத் தலைநகரில் முனையச் சேவையகம் காக்கும் வேட்கோவனார் நலமே வாழ்க. அவர் மாளிகையில் மின்சாரம் அறாதிருக்க.

சிறு காரியம் ஒன்று எம்மைக் கைபிசைந்து நிற்க வைத்திருக்கிறது. துறைமுகத்தின் புதிய அச்சுப்பொறியில் தாளும் மையும் நிறைந்துள்ளன. அதன் பொத்தானை அழுத்தினால் சோதனைத் தாளை அழகாகத் தருகிறது. எனினும் எழுத்தர் அனுமதிச் சீட்டை அச்சிடப் பணித்தால், அனுப்பியாயிற்று என்று திரை சொல்கிறது, தாள் வருவதில்லை.

குருகுத்தீவில் காய்ச்சல் பரவியிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். மருந்தேற்றிய படகு இங்கேயே நிற்கிறது. அச்சிட்ட சீட்டின்றி வரும் படகைத் தீவுக் காவலர் கரையேற்றார். அவ்விதியை மாற்ற எமக்கும் அதிகாரமில்லை. படகுத் தலைவி கயலாத்தாள் வந்து, அமைச்சரின் பொறியை வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைக்க வேண்டுமோ என்று வினவினாள். தன் தங்கை மகள் அத்தீவில் காய்ச்சலில் கிடப்பதையும் சொன்னாள். பொறியை அணைத்து எழுப்பினோம், கம்பியைக் கழற்றி மாட்டினோம், பயனில்லை.

பின்னர், சீட்டு வரும் பாதையை எண்ணிப் பார்த்தோம். எண்ணுந்தோறும் வியப்பளிக்கும் அமைப்பு அது! எழுத்தர் தட்டுவது இங்கே. சீட்டெழுதும் மென்பொருள் ஓடுவதோ தங்கள் சேவையகத்தில். எம் திரை அதைக் காட்டும் சாளரம் மட்டுமே. ஆகவே சீட்டு பக்கத்து மேசைக்கு நேரே போவதில்லை; மாடமலையில் பிறந்து, அங்கே பதிந்துள்ள முகவரியைத் தேடி வருகிறது.

யாமோ, நம் நாட்டு வழக்கப்படி, ஓய்வுபெற்ற பழைய பொறியின் 'துறைவாணர்' என்னும் பட்டத்தையே புதியதற்கும் மாலையிட்டுச் சூட்டினோம். பெயர் மாறாததால் ஆள் மாறியதைச் சேவையகம் அறியவில்லை. பழையதன் முகவரிக்கு, பழையதன் இயக்கி மென்பொருளைக் கொண்டே இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அம்முகவரியில் இன்று எவருமில்லை.

அருகிலுள்ள உப்பளத்தின் சிறு சேவையகத்திலும் பழைய துறைவாணர் பதிவு இருந்ததால், அங்கே அதை நீக்கி இப்புதிய பொறியைப் பதிந்து பார்த்தோம். முதலில் தாள் வரவில்லை. உப்பள எழுத்தர் சாளரத்தை மூடினாரேயன்றி வெளியேறவில்லை, அவருடைய பழைய அமர்வு, பழைய பதிவையே பற்றிக்கொண்டு, சேவையகத்தில் உயிரோடிருந்தது. முறையாக வெளியேறி மீண்டும் நுழைந்ததும் தாள் வந்தது. சீட்டு வழங்கும் உரிமை உப்பளத்துக்கு இல்லாமையால் அத்தாள் கயலாத்தாளுக்கு உதவவில்லை. அவள் படகிலேயே அமர்ந்திருக்கிறாள். யாம் அப்பக்கம் செல்லக் கூசுகிறோம்.

தங்கள் சேவையகத்தைத் தொட முத்திரையோலை வேண்டுமென்பது விதியாதலால், அலைமுத்திரையிட்டு விரைகுதிரையில் அனுப்புகிறோம். அரசியார் பெயரால் ஆணை இதுவே: துறைவாணர் என்னும் பதிவை நீக்கி, தேங்கிய பணிகளை அழித்து, புதிய பொறியை வேறு பெயரில், அதன் சொந்த முகவரியோடும் சொந்த இயக்கியோடும் பதிக, வெள்ளலைத்துறையின் அமர்வுகளை எல்லாம் முடித்துவிடுக. எழுத்தர் மீண்டும் நுழைந்தால் சீட்டு அச்சாகும்.