இடது கைக்காக உயர்த்திய ஹேண்டில்

உன் பைக்கின் பழைய ஹேண்டில் இன்னும் என் கராஜ் சுவரில் அதே ஆணியில்தான் தொங்குகிறது. இன்று காலை அதை இறக்கித் துடைத்தேன். துருவும் தூசியும் போய்விட்டன. ரப்பர் பிடியில் ஏறியிருந்த தையல் மெஷின் எண்ணெயின் வாடை மட்டும் போகவில்லை. ஊர் ஊராய்ப் போய் மெஷின் திருத்திவிட்டுக் கையைத் துடைக்காமல் பைக்கில் ஏறுவாயே, அந்த வாடை. அது மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது கோபம். போய்ச் சேர்ந்தவனிடம் கோபப்படக் கூடாது என்று சொல்கிறவர்களுக்கு உன்னைப் போல ஒரு கூட்டாளி வாய்த்திருக்க மாட்டான்.

ஏன் துடைத்தேன் என்றால், உன் மனைவி வந்திருந்தாள். உன் பைக்கைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். பன்வில வளைவுகளில் இறங்கி, வத்தேகம தாண்டி, மடவளை சந்தி நெரிசலுக்குள் நுழைந்து கட்டுகஸ்தோட்டையில் என் கராஜ் வரைக்கும் தனியாக! லைசன்ஸ் எடுத்து இரண்டு மாதமாகிறதாம். அவள் படிப்பிக்கிற முன்பள்ளிக்கு நேரத்துக்கு பஸ் இல்லை. வீட்டுப் படிகளுக்குக் கீழே தார்ப்பாய் போர்த்திக் கிடந்த பைக்கைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் ரோட்டில் இறக்கிவிட்டாளாம். நீ இருந்திருந்தால் வாயைப் பிளந்திருப்பாய்.

ஹெல்மட்டைக் கழற்றியவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணே, இந்த ஹேண்டில் எனக்கு ரொம்ப ஒசரமா இருக்கு. பழசு ஒங்ககிட்டதானே இருக்கு? அதையே போட்டுக் குடுங்க."

நான் சரி என்று பழையதை இறக்கித் துடைத்துவிட்டு ஸ்பானரை எடுத்தேன். அதோடு விட்டிருந்தால் என் பாடு தப்பியிருக்கும். அவள் விடவில்லை.

"ஆமா, அவரு எதுக்குண்ணே இத மாத்துனாரு? நல்லாத்தானே இருந்துச்சு?"

அந்தக் கேள்விக்குப் பயந்துதானே நான் ஒரு வருடமாக உன் வீட்டுப் பக்கமே சரியாகத் தலைகாட்டவில்லை. திவசத்துக்குக்கூட வந்து, சாப்பிட்டு, வேலை கிடக்கிறது என்று பொய் சொல்லி ஓடி வந்தவன் நான். அந்தப் பொய்யும் உன்னால்தான்.

கை வலி என்று நீ முதல் முறை வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழை விட்டிருந்தது. பின்சீட்டில் யாருடையதோ ஒரு தையல் மெஷின் தலையைச் சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தாய். இறங்கினதும் இடது கையை உதறினாய்.

"மச்சான், இந்தக் கை பாரமா இருக்குடா. தோள்ல இருந்து முழங்கை வரைக்கும் இழுக்குது."

நான் ஒரு நிமிடமாவது யோசித்தேனா? இல்லை. இந்த மலையில் பைக் ஓட்டுகிற எவனைக் கேட்டாலும் இடது கை வலி என்றுதான் சொல்வான். வளைவுக்கு வளைவு க்ளச் பிடித்தே தேய்கிற கை அது. எனக்கும்தான் வலிக்கிறது. "ஹேண்டில் தாழ்வா இருக்குடா, நீ குனிஞ்சு பாரத்த எல்லாம் கையில போடுற" என்றேன், பெரிய நிபுணன் போல. நீ அதைக் கேட்டுக் குதூகலப்பட்டாய். வாடிக்கைக்காரர்களிடம் நீ சொல்கிற வசனத்தை என்னிடமே சொன்னாய்: "மெஷின்தான் ஆளுக்கு ஏத்தாப்ல இருக்கணும், ஆள் மெஷினுக்கு ஏத்தாப்ல இல்ல."

பின்பக்கம் வளைந்து வரும் நீள ஹேண்டில் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டேன். பழைய க்ளச் கேபிள் எட்டவில்லை, இடப்பக்கம் முழுதாய்த் திருப்பினால் இழுத்துக்கொண்டது. அதையும் நீளமானதாக மாற்றினேன். நீ ஆற்றுப் பாலம் வரைக்கும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, நிமிர்ந்து உட்கார்ந்தபடியே சொன்னாய்: "ராசா மாதிரி இருக்குடா!" எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தாய். இன்னும் கொஞ்சம் உயர்த்து என்றாய். ஹேண்டிலுக்கு அடியில் இரண்டு இரும்புக் கட்டை வைத்து உயர்த்தினேன். அதன் பிறகு க்ளச் கடினமாக இருக்கிறது என்று வந்தாய். கேபிளுக்கு எண்ணெய் விட்டு, லீவரையும் மாற்றி, சின்னப் பிள்ளைகூட ஒரு விரலால் பிடிக்கலாம் என்கிற அளவுக்கு இலேசாக்கினேன். ஒரு விரலால் பிடிக்கிற க்ளச்சுக்கு ஒரு கை முழுக்க எப்படியடா வலிக்கும்? நீ கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மெஷின் கோளாறு என்றால் இரண்டு பேருக்கும் கண் அப்படித் திறக்கிறது, மனிதக் கோளாறு என்றால் இரண்டு பேரும் குருடு.

அந்தப் பொலிஸ்காரன் கதையை நினைத்தால் இன்னும் உடம்பெல்லாம் எரிகிறது. பாலத்தடியில் உன்னை மறித்து, இந்த ஹேண்டிலுக்கு என்ன ஆயிற்று என்று சிங்களத்தில் அதட்டினானாம். கை வலிக்கிறது மஹத்தயா, அதனால்தான் உயர்த்தினேன் என்றாயாம். அவன் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எஹெனம் பெஹெத் கன்ன" என்றானாம். அப்படியென்றால் போய் மருந்து எடு என்று. அபராதம் எழுதாமல் விட்டுவிட்டானாம். நீ இங்கே வந்து அந்தக் கதையை நடித்தே காட்டினாய். தொப்பியைச் சரிசெய்வது போல, மீசையை நீவுவது போல. நாம் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். வழியில் நின்ற ஒருவனுக்கு அரை நிமிடத்தில் விளங்கியது, இருபத்தைந்து வருடக் கூட்டாளிக்கு விளங்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக உன்னையும் அடிக்க வேண்டும், என்னையும் அடிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னால் பொறுக்க முடியாதது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். ரோட்டிலிருந்து உன் வீட்டுக்கு ஏறும் படிகளில் பாதியில் நின்றாய். கையில் ஒரு பைகூட இல்லை. பைக் கீழே நிற்கிறது. இடது கையைத் தேய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினாய். "என்னடா?" என்றேன். "க்ளச் கைதான். வீட்ல சொல்லிராத, பைக்க விக்கச் சொல்லிருவா" என்றாய். படி ஏறுவதற்கு எந்தக் க்ளச்சைப் பிடித்தாய்? நான் தலையாட்டினேன். மேலே போய் அவள் போட்ட சோற்றை உருட்டி உருட்டிச் சாப்பிட்டேன்.

பிறகு ஒரு புதன்கிழமை. தோட்டத் தொழிலாளர் லயத்து வீடொன்றில் மெஷினைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தவன், வேர்க்கிறது என்று கதிரையில் சாய்ந்தாயாம். அவ்வளவுதான். வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. செய்தி கேட்டு நான் ஓடி வந்தபோது டொக்டர் உன் மனைவியிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார், இதற்கு முன் நெஞ்சு வலி, இடது கை வலி என்று ஏதாவது சொன்னாரா என்று.

"இல்லீங்க டொக்டர். ஒண்ணுமே சொல்லலீங்க. ஒரு தலவலின்னுகூடப் படுத்ததில்லீங்க."

நான் உன் ஹெல்மட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வீட்டில் சொல்லாதே என்றாய் அல்லவா? சொல்லவில்லை. சந்தோஷமா?

அன்றிலிருந்து அவள் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று ஊரில் பலர் சொல்லி என் காதில் விழுந்தது. கூடவே இருந்தும் கவனிக்காமல் விட்டேனே என்று அழுகிறாளாம். அதைக் கேட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். செத்தவனுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டினேன். உண்மை என்ன தெரியுமா? அவள் முகத்தைப் பார்க்கப் பயம்.

இன்றைக்கு அவள் கேட்டதும் ஸ்பானரைக் கீழே வைத்தேன். முழுவதையும் சொன்னேன். ஹேண்டிலையும் க்ளச்சையும் மூன்று முறை மாற்றியது, பொலிஸ்காரன், படிக்கட்டு, டொக்டர் கேட்டபோது நான் ஊமையாக நின்றது. அவள் பைக் சீட்டில் ஒரு கையை ஊன்றியபடி கேட்டாள். நான் முடித்ததும் உயர்ந்து நின்ற அந்த ஹேண்டிலை ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"மனுசன விட்டுட்டு, ரெண்டு பேருமா சேந்து பைக்குக்கு வைத்தியம் பாத்திருக்கீங்க."

அவள் குரல் உயர்ந்தது.

"ஒரு வருசமா நான்தானேண்ணே செத்துக்கிட்டிருந்தேன். என்கிட்ட என்னத்தக் கண்டு மறச்சாரு? நீங்களாவது சொல்லியிருக்கலாமில்ல?"

அழுதாள். அழுது முடித்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பழசு வேணாம். எனக்கு ஏத்தாப்ல வச்சுக் குடுங்க" என்றாள். உன் வசனத்தைத்தான் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ. அவளைப் பைக்கில் உட்கார வைத்து, முழங்கை மடிகிற இடத்தைப் பார்த்து, அந்த இரண்டு இரும்புக் கட்டைகளையும் கழற்றி எறிந்தேன். வளைந்த ஹேண்டிலை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பி முடுக்கினேன். நீளக் கேபிள் தொங்கியது, அளவானதைப் போட்டேன்.

அவள் புறப்படும்போது சொன்னேன்: "தங்கச்சி, கை ஏதும் வலிச்சா இங்க வரக் கூடாது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஹெல்மட்டுக்குள்ளிருந்து என்னை முறைத்தாள். "நா அவரு மாதிரி இல்லண்ணே. வலிச்சா ஊருக்கே கேக்குறாப்ல கத்துவேன்."

கியரைப் போட்டுப் போய்விட்டாள். உன்னைவிட நன்றாகவே ஓட்டுகிறாள், கேட்டுக்கொள்.

பழைய ஹேண்டிலைத் திரும்பவும் ஆணியில் மாட்டினேன். மத்தியானம் மரக்கறி லொறிக்காரன் ஒருவன் தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். இடது தோள் இழுக்கிறது, ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும் என்றான். இப்படி வருகிறவர்களிடமெல்லாம் இந்த ஒரு வருடமாக நான் கேட்கிற கேள்வியை அவனிடமும் கேட்டேன். உன்னிடம் கேட்காமல் விட்ட அதே கேள்வி.

"பைக்ல ஏறாதப்பவும் வலிக்குதா?"

"ஆமா, படி ஏறுனாக்கூட வலிக்குது" என்றான்.

அவன் சாவியைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டேன். மொதல்ல டொக்டர்கிட்டப் போய்ட்டு வா, அவர் எழுதித் தர்ற துண்டைக் காட்டு, அப்புறம் பைக்கத் தொடுறேன் என்றேன். என்னண்ணே நீங்க டொக்டராயிட்டீங்களா என்று அவன் சிரித்தான். அச்சு அசல் உன்னைப் போலவே சிரித்தான்.

இந்த முறை நான் சிரிக்கவில்லையடா.