ஊ குடும்பம்

உ

தாகேதா, யாங்கோன்
புதன்கிழமை

அன்புள்ள மகன் செல்வத்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் மருமகளும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாயிருக்க முனீஸ்வரர் துணை நிற்கட்டும். அம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. கரண்ட் நாலு மணி நேரம்தான் வருகிறது, மோட்டார் போட அவள் காத்துக் கிடக்கிறாள். போனில் பேசக்கூடாத சங்கதி என்பதால் இதை எழுதி, டொரண்டோ போகும் அய்யூப் பாய் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் ஊரின் முந்நூற்றைம்பதாம் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு ஒரு பக்கமாகப் போடுகிற புத்தகத்தில் நம் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாய். தலைப்பு ‘ஊ குடும்பம்’ என்றிருக்கிறது. நீ என் பெயரை ஊ டுன் லின் என்று கொடுக்க, பர்மாவில் ஊ என்றால் ஐயா என்பது தெரியாமல் அதையே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். இந்தக் கடிதத்தின் தலையில் நான் போட்ட பிள்ளையார் சுழியைக் கண்டாலும் குடும்பப் பெயர் என்றுதான் சொல்வார்கள். திருத்த எந்தப் பெயர் கொடுக்கட்டும் என்று கேட்டிருந்தாய். பர்மியப் பெயர் கொடுத்து வாங்கிய அடையாள அட்டையில் உள்ள டுன் லின்னையே கொடுக்கச் சொல்ல நினைத்தேன். என் சொந்தப் பெயர் நல்லையா என்று வெளியே சொன்னதற்காகச் சின்ன வயதில் உன்னை அடித்தே இருக்கிறேன். அடுத்த வருஷம் பாஸ்போர்ட்டுக்குப் போக வேண்டும், அச்சில் வேறு பெயர் கிடந்து யாராவது காட்டிக்கொடுத்தால் உன்னைப் பார்க்க வரும் வழியும் அடைபடுமே என்ற பயம்தான்.

அப்புறம் நீ பாதித் தமிழும் பாதி பர்மியுமாக வாசித்து அனுப்பிய முன் பக்கங்களைக் கேட்டேன். முதலில் வந்த ஒன்பது வெள்ளைக்காரக் குடித்தனங்களுக்கும் ஆற்றைத் தொடுகிற மாதிரி ஒல்லி ஒல்லியாக நிலம் அளந்து கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே அங்கே மீன் பிடித்து வாழ்ந்தவர்களின் பெயர் ஒன்றுகூடக் காணோம். அந்த ஒன்பதில் பட்டாளத்திலிருந்து வந்த ஒருவனை மாதாகோயில் ஏட்டில் பாதிரியார் இன்னார் என்கிற இன்னார் என்று பட்டப்பெயரோடு எழுதியிருக்கிறார், நம் பத்திரங்களில் வருகிற அதே ‘என்கிற’. கடைசியில் பேரப்பிள்ளைகளிடம் பட்டப்பெயர்தான் நின்றதாம், பிறந்த பெயர் ஏட்டோடு போயிற்று. என் அப்பா எனக்கு வைத்த பெயரும் இந்த நாட்டில் ஒரு தாளிலும் இல்லை.

ஆகவே ‘டுன் லின் என்கிற நல்லையா’ என்று போடச் சொல். ஒன்றுக்குத்தான் இடம் என்றால் நல்லையா போதும். பாஸ்போர்ட் கிடைக்காவிட்டால் போகட்டும், அம்மாவை மட்டும் கூப்பிட்டுக்கொள்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். காதை மூடாமல் பனியில் நடக்காதே. அச்சுக்குப் போகுமுன் நீயே நேரில் போய்ப் பார், நல்லையாவுக்கு எல் இரண்டு, ஒன்றை விழுங்கிவிடப் போகிறார்கள்.

உன் அப்பா