நீங்களாக இருந்தால் எங்கே போவீர்கள்?

திசாரா
14 செப்டம்பர் 1997

அன்புள்ள பொனோலோவுக்கு,

அண்ணி மசேடி எழுதுவது. உன் அண்ணன் மொலோகி நலம். கூரைக்கு நாணல் அறுக்கப் போகிறேன் என்று கிளம்பி, தினமும் மீனோடு திரும்பி வருகிறார். உனக்குப் பிடிக்குமே என்று அல்லிக் கிழங்கு ஒரு பை மௌனுக்கு வண்டி ஓட்டுகிற ஒடிரிலேயிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஒரு குறை. மூன்று வாரமாகத் துறைக்குச் சுற்றுலா விருந்தாளி ஒருவர்கூட வரவில்லை. கழியால் தோணி தள்ளுகிற நாங்கள் பதினெட்டுப் பேரும் மர நிழலில் குந்திக்கொண்டு, தலைக்கு மேலே போகிற சின்ன விமானங்களைப் பார்க்கிறோம். எல்லாம் வடக்கே, ஆழத்தண்ணீர் விடுதிகளுக்கு. நேற்று ஒருத்தி எல்லார் முன்னாலும் கேட்டாள்: "உன் நாத்தனார்தானே மௌன் டவுன்ல உக்காந்து வெள்ளைக்காரங்களுக்கு வழி சொல்றா? நம்ம ஊரு எந்தப் பக்கம்னு மறந்துட்டாளா?"

நான் சிரித்து வைத்தேன். மறந்துவிட்டாயா?

உன் அன்பு அண்ணி,
மசேடி


மௌன்
21 செப்டம்பர் 1997

அன்புள்ள அண்ணி,

கிழங்கு வந்தது. மாட்டிறைச்சியோடு சமைத்தேன். உங்கள் கைப்பக்குவம் எனக்கு வராது.

மறக்கவில்லை அண்ணி. இந்தப் பயண அலுவலகத்தில் என் வேலை, வருகிறவர்கள் முன்னால் வரைபடத்தை விரிப்பதுதான். சிங்கம் வேண்டுமென்றால் கிழக்கே ஜீப்பில் போகலாம். வற்றாத தண்ணீரும் நல்ல மெத்தையும் வேண்டுமென்றால் வடக்கே விமானம். சும்மா தோணியில் சாய்ந்து நாணலைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்குத்தான் நம் துறை. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள்? போன வாரம் ஒருவர், "தோணியில போனா சிங்கம் கிட்ட வருமா?" என்று கேட்டார். "வந்தா நீங்க திரும்பி வர மாட்டீங்களே" என்றேன். சிரித்துவிட்டு விமானத்துக்குப் பெயர் கொடுத்தார்.

அக்டோபரில் கட்டாயம் ஆள் அனுப்புகிறேன். அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
பொனோலோ


திசாரா
6 அக்டோபர் 1997

பொனோலோ,

அவசரமாக எழுதுகிறேன். ஒடிரிலே வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு நிற்கிறான்.

தண்ணீர் வேகமாக வற்றுகிறது. பெரிய மடுவிலிருந்து மற்றவை கடித்துத் துரத்திய ஆண் நீர்யானை ஒன்று நம் வாய்க்காலுக்குள் வந்து கிடக்கிறது. முதுகெல்லாம் புண். கட்டிப்போட்டிருந்த வெறும் தோணியை நேற்று நொறுக்கிவிட்டது. அது போய்விட்டது என்று நான் எழுதும்வரை இங்கே யாரையும் அனுப்பாதே. வடக்கேயே அனுப்பு. போன மாதம் நான் குத்திக் காட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

மசேடி


ஃபிரான்சிஸ்டவுன், மருத்துவமனை
2 நவம்பர் 1997

அன்புள்ள பொனோலோவுக்கு,

நான் சொல்லச் சொல்ல நர்ஸ் கீட்சே எழுதுகிறாள். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும். மௌன் மருத்துவமனையில் நீ வந்து நின்றாயாம், எனக்கு நினைவில்லை. இங்கே வந்து மூன்று வாரமாகிறது. ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லையே?

நடந்ததைச் சொல்கிறேன். உன் விருந்தாளிகள், அந்த வயதான தம்பதி, துறையில் வந்து இறங்கியதும் உன் அண்ணன், "திருப்பி அனுப்பிடலாம்" என்றார். நான்தான், "பொனோலோ அனுப்பின ஆளுங்க. திருப்பி அனுப்பினா அலுவலகத்துல அவ பேரு கெட்டுடும். கிழக்கு வாய்க்கால்ல போயிட்டு வந்துடறேன்" என்றேன். நீர்யானையும் கிழக்கே மாறி வந்திருந்தது எனக்குத் தெரியாது. அடியிலிருந்து முட்டித் தூக்கியது. அவர்கள் இரண்டு பேரையும் நாணல் பக்கம் தள்ளிவிட்டேன். நான் கரை ஏறுவதற்குள் கையைக் கவ்விவிட்டது. அவர்களுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். நிம்மதி.

எல்லாம் அந்த ஒடிரிலேயால் வந்தது. என் கடிதத்தை எங்கேயோ தொலைத்துவிட்டு, "கையிலயே குடுத்தேன்" என்று சாதிக்கிறானாம். ஊர்க் கூட்டத்தில் அவன் வண்டி திசாராவுக்குள் வரக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். மாமியார் வீட்டிலேயே அவனை உள்ளே விடவில்லையாம். "என் நாத்தனார் படிச்சிருந்தா அனுப்பியிருப்பாளா?" என்று நானும் கூட்டத்துக்குச் சொல்லியனுப்பினேன்.

ஒரு நாள் வந்துவிட்டுப் போ.

அன்பு அண்ணி,
மசேடி


மௌன்
10 நவம்பர் 1997

அன்புள்ள அண்ணி,

ஒடிரிலே தொலைக்கவில்லை. ஏழாம் தேதி காலை அலுவலக வாசலில் என் கையில் கொடுத்தான். நின்றபடியே படித்தேன். மேசை இழுப்பறையில் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்த வயதான தம்பதி வந்தார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள். வழக்கம்போல வரைபடத்தை விரித்தேன். வடக்கு, கிழக்கு எல்லாம் சொன்னேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீங்களா இருந்தா எங்க போவீங்க?" என்றார். ஆறு வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. என் விரல் திசாராவுக்குப் போய்விட்டது. "என் ஊர். என் அண்ணியே தோணி தள்ளுவாங்க" என்று பெருமையாகச் சொன்னேன். கடிதம் நினைவிருந்தது. 'அண்ணி கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிறார், அவர்கள் வேறு வாய்க்காலில் போவார்கள்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் குத்திக் காட்டியதால் செய்தேன் என்று உங்கள் மேல் போடமாட்டேன். அந்த அம்மாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

மருத்துவமனை நடையில் அண்ணன், "மசேடி கடுதாசி வந்துச்சா?" என்று கேட்டார். "எந்தக் கடுதாசிண்ணா?" என்றேன். அவர் சட்டை முழுக்க உங்கள் ரத்தம். அதைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

நேற்று ஒடிரிலே வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி முகம் கொடுக்கவில்லை. நான் சொல்லி முடித்ததும் அவன், "குடுத்தவன் எனக்குத் தெரியாதாம்மா?" என்றான். என் பெயரைச் சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னேன். நீங்க படிச்ச பொண்ணு. நான் வண்டி ஓட்டறவன். யாரு கேட்டாங்க?"

ஃபிரான்சிஸ்டவுன் பேருந்தில் இரண்டு முறை ஏறி உட்கார்ந்து இறங்கிவிட்டேன். அண்ணனுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். இந்தக் கடிதத்தை ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். எனக்குத் தைரியமில்லை.

பொனோலோ


திசாரா
2 டிசம்பர் 1997

பொனோலோ,

இடது கையால் எழுதுகிறேன். மூன்றாம் நாளாக எழுதுகிறேன்.

உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போய்விட்டார். இருட்டிய பிறகுதான் வந்தார். சாப்பிடவில்லை.

கூட்டத்தில் நான் படிக்கமாட்டேன். நீ வந்து சொல். வெள்ளிக்கிழமை கூட்டம். ஒடிரிலே வண்டியில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து வா. ஊர் எல்லையில் நிறுத்துவார்கள். நிறுத்துகிறவனிடமிருந்தே சொல்லத் தொடங்கு.

நீ மன்னிப்புக் கேட்கவில்லை. நல்லது. கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்ததும் வீட்டுக்கு வா. சோறு போடுவேன். மீனை ஒரு கையால் சுத்தம் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன். ரொம்ப நேரமாகிறது. வழுக்கிப் போகிறது. நீ எழுந்து உதவ வரக்கூடாது. முடியும்வரை எதிரே உட்கார்ந்து பார்.

மசேடி