தலையாட்டச் சொல்லாத பொலிஸ்

என் உயிரான பரீதாவுக்கு,

நீ இருந்திருந்தால் முதலில் என் தொப்பியைப் பார்த்துத்தான் சிரித்திருப்பாய். கொண்டை போட்டால் தொப்பி நிற்பதில்லை, தொப்பி நின்றால் கொண்டை நிற்பதில்லை. ஆமாம்டி, நான் எஸ்.ஐ. ஆகிவிட்டேன். பயிற்சி முடிந்து கலேவெலப் பக்கம் ஒரு பொலிஸ் நிலையத்தில் போட்டிருக்கிறார்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து போட வேண்டிய சீருடையை நான் ஒருத்தி போட்டுக்கொண்டு திரிகிறேன்.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்குப் போன உன்னை டெங்கு கொண்டுபோய்விட்டது. பெறுபேறு வந்தபோது உனக்கு என்னைவிட நல்ல புள்ளிகள். பொறாமைப்பட்டுச் சண்டை பிடிக்கலாம் என்றால் நீ இல்லை. அன்றைக்கு நான் அழுத அழுகையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நேர்முகத் தேர்வில் ஒரு பெரிய அதிகாரி என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "குற்றவியல் நீதி படிச்சா கள்ளனப் பிடிக்க ஏலுமா?" என்று சிங்களத்தில் கேட்டார். "பிடிக்க ஓடத் தெரிஞ்சா போதும் சேர். பிடிச்ச ஆள் கள்ளன்தானான்னு பாக்கத்தான் படிப்பு" என்றேன். அவர் சிரித்துவிட்டார். விடுதிக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு நீ அடிக்கடி சொன்னதுதான் அது, எனக்கேது அவ்வளவு புத்தி?

அந்த விரிவுரை ஞாபகம் இருக்கிறதா? பாதி வகுப்பில் எவனோ உள்ளே புகுந்து முன்வரிசைப் பிள்ளையின் பையைப் பறித்துக்கொண்டு ஓடினான். நாமெல்லோரும் அலறினோம். கொஞ்ச நேரத்தில் விரிவுரையாளர் சேர் ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்தி, "இவர்தானே?" என்று கேட்டார். வகுப்பே ஆமாம் என்றது, நானும்தான் கத்தினேன். நீ மட்டும் எழுந்து, "எனக்குத் தெரியல்ல சேர், நான் முகத்தப் பாக்கல்ல" என்றாய். எல்லாமே சேர் ஏற்பாடு செய்த நாடகம். நாங்கள் கைகாட்டிய மனிதர் அந்த நேரம் கன்டீனில் வடை சுட்டுக்கொண்டிருந்தவர்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று அன்று சாயந்தரம்தான் எனக்குத் தெரிந்தது. நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது, சிங்கள இளைஞர்களின் கலகம் நடந்த அந்தக் காலத்தில், மாத்தளைக் கடைத்தெருவில் சீருடைக்காரர்கள் ஆண்களை வரிசையாக நிறுத்தினார்களாம். தலையில் சாக்கு மூடிய ஒருவனைக் கொண்டுவந்து, கலகக்காரனைக் கண்டால் தலையாட்டு என்று ஒவ்வொரு முகமாகக் காட்டினார்களாம். உன் ரியாஸ் நானாவுக்கு முன்னால் அந்தச் சாக்கு ஆடியது. அண்ணன் என்றால் உனக்கு அவர் ஒருவர்தான். ஏற்றிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவே இல்லை. சாக்குக்குள் இருந்தவனுக்கு நானாவைத் தெரியுமா, ஆட்டாவிட்டால் அடி விழும் என்று ஆட்டினானா?

"தலையாட்டச் சொல்லாத பொலிஸ் ஒண்டு எப்படி ஈக்கும்னு பாக்கத்தான் நான் படிக்கிறேன்" என்றாய். எனக்கு அதுவரை அரசாங்க உத்தியோகம் என்ற ஆசை மட்டும்தான்.

இப்போது செய்திக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை கலேவெலச் சந்தையில் ஒரு சிங்கள அம்மாவின் சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். நீலச் சட்டை என்று யாரோ கத்தியிருக்கிறார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஒரு நீலச் சட்டைக்காரரை நம் ஆட்கள் பிடித்து வந்தார்கள். பெயர் கணேசன். பலாபத்வலப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர், மழைக்கு வேலை இல்லாததால் மரக்கறி மூட்டை ஏற்ற வந்தவர். சங்கிலி அவரிடம் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. தோட்டத்து லய வீடுகளில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது? ஆனால் வடக்கில் சண்டை நடக்கும் இந்த நேரத்தில், அட்டை இல்லாத தமிழ் ஆள்மீது ஒரு கள்வனென்ற பெயரும் விழுந்தால் அவர் விளக்கமறியல் சிறையோடு நிற்பாரா, அதைத் தாண்டி எங்கே போவார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம். பிடித்து வருகிறவரை வாசலுக்கு நேரே உள்ள மர வாங்கில் உட்கார வைப்பார்கள். முறைப்பாட்டுக்காரர் உள்ளே வரும்போதே, "இவன்தானே?" என்று கேட்பார்கள். பொலிஸ் வாங்கில் குந்தியிருப்பவனைப் பார்த்து இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? சங்கிலியைப் பறிகொடுத்த அம்மா வந்துகொண்டிருக்கிறார் என்று சார்ஜன்ட் சொன்னார்.

கணேசனை எழுப்பி உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். சார்ஜன்ட் பின்னாலேயே வந்தார். என் அப்பா வயது, கெட்ட மனிதர் இல்லை.

"என்ன மிஸ், உங்க தமிழ் ஆள்னு பாக்கிறீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீதான் என் கோபத்தை அறிவாயே, விட்டிருந்தால் அங்கேயே என் உத்தியோகம் போயிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நிலையப் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி.யிடம் போனேன். அவரிடம் பாவம் புண்ணியம் பேசவில்லை. "சேர், இப்ப காட்டினா பிறகு நீதவான் முன்னால வைக்கிற அடையாள அணிவகுப்பு நிக்காது. முதல்லயே பொலிஸ்ல காட்டினாங்கன்னு சட்டத்தரணி ஒரு கேள்வி கேட்டா வழக்கு போச்சு. உண்மையான கள்ளனா இருந்தாலும் தப்பிடுவான்" என்றேன்.

அவர் கோப்பை என் பக்கம் தள்ளினார். "சரி, வாக்குமூலத்த நீங்களே எடுங்க. பிழைச்சா உங்க தலையிலதான்" என்றார். பரீதா, நான்கு வருடம் படித்ததன் பலனை அந்த மேசைக்கு முன்னால்தான் கண்டேன். இரக்கம் என்று சொல்லியிருந்தால் தமிழ் ஆள் தமிழ் ஆளுக்குப் பேசிய கதையாக முடிந்திருக்கும். சட்டமாகச் சொன்னதால் காது கொடுத்தார்.

அந்த அம்மா கழுத்தில் சிவந்த கோட்டோடு வந்தார். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, நடந்ததைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். நீலச் சட்டையா, தமிழனா, உயரமா, ஒன்றையும் எடுத்துக் கொடுக்கவில்லை. சொல்லி முடித்த பிறகு, "முகத்தப் பாத்தீங்களாம்மா?" என்றேன்.

"எங்க மகளே! பின்னாலேர்ந்து இழுத்தான். ஓடுற முதுகத்தான் பாத்தேன். பிடிச்சாச்சுன்னு சொன்னாங்க, அதான் வந்தேன்."

"ஒரு ஆளக் காட்டி இவன்தானேன்னு கேட்டிருந்தா?"

"நீங்க பிடிச்சிருக்கீங்க, பிழையாவா இருக்கும்? ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்று மாலைக்குள் கணேசனுடைய அம்மா பிறப்புச் சான்றிதழோடு ஓடி வந்தார். தோட்டத்து ஆபீசிலிருந்தும் போன் பண்ணி இவர் எங்கள் ஆள்தான் என்றார்கள். ஓ.ஐ.சி. விட்டுவிட்டார். அந்தத் தாய் மகனின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வாடா, வீட்டுக்குப் போவோம்" என்று இழுத்துக்கொண்டு போனார். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

சங்கிலி இன்னும் கிடைக்கவில்லை. சார்ஜன்ட் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எல்லோருக்கும் தேத்தண்ணி வருகிறது, எனக்கு மட்டும் மறந்துபோகிறது. இதைச் சமாளிக்க எந்த விரிவுரையிலும் சொல்லித் தரவில்லையே, கவனித்தாயா? சங்கிலியைப் பறிகொடுத்த அம்மா, 'முகத்தைப் பார்த்தேன்' என்று அடித்துச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

ஞாயிறு பூசை முடிந்து உங்கள் வீட்டுக்குப் போனேன். உம்மா வட்டிலப்பம் வெட்டி வைத்துவிட்டு, "சாப்பிடுங்க மகள், பொலிஸ்ல போய் மெலிஞ்சி ஈக்கிறீங்க" என்றார். சத்தியமாக நான் மெலியவில்லை. கணேசன் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவன்ட உம்மாவும் அதே வூட்டுலயா ஈக்கிறா?"

"ஆமா உம்மா."

"அப்ப சரி. அந்த மனுசி இனிக் கதவுக்குத் தாப்பாள் போட்டுட்டுத் தூங்குவா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே சொன்னார். நானாவைக் கொண்டுபோன நாளிலிருந்து அவர் வாசல் கதவைத் தாழ் போட்டதில்லையாம். "அவன் வந்தா தட்டிக்கிட்டு நிக்கக் கூடாது மகள்" என்றார். இத்தனை வருட நட்பில் இதை நீ ஏன்டி என்னிடம் சொல்லவில்லை?

உனக்கு வாக்குத் தருகிறேன் பரீதா. நான் இருக்கும் நிலையத்தில் ஒருவரைக் காட்டி இவன்தானே என்று கேட்க மாட்டேன், கேட்க விடவும் மாட்டேன். அதோடு நிற்கவும் மாட்டேன். ரியாஸ் நானாவை யார், எங்கே கொண்டுபோனார்கள் என்று இந்தச் சீருடைக்குள் இருந்துகொண்டே கேட்பேன். கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், பயமாகவும் இருக்கிறது. ஆனாலும் கேட்பேன். கிடைக்கும் பதில் எவ்வளவு பொல்லாததாக இருந்தாலும் நானே உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். அன்றைக்கு உங்கள் வீட்டுக் கதவுக்கு நானே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, உம்மாவோடு படுத்துக்கொள்வேன்.

உன் உம்மாவுக்கு மிஞ்சியிருக்கும் மகள்,
உன் ஜெசிந்தா