எனக்கெதற்குப் பொன்னாடை?

டிசம்பர் 3, செவ்வாய்

போபோடி மார்க்கெட்டில் மேத்திக் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். தமிழ்ச் சபைச் செயலாளர் ஜோபின் பைக்கை நிறுத்தி, "ஆன்ட்டி, இந்தக் கிறிஸ்மஸ் புரோகிராம்ல நீங்கதான் சீஃப் கெஸ்ட்!" என்றான். சந்தோஷம், என் காமெடி எத்தனாவது ஐட்டம் என்று கேட்டேன்.

"காமெடி இல்ல ஆன்ட்டி. பொன்னாடை போடுறோம், ஷீல்டு தர்றோம். சும்மா உக்காந்தா போதும்."

சும்மா உட்காரவா நான் பிறந்தேன்? கை கால் நன்றாக இருக்கிறவளுக்கு எதற்கடா பொன்னாடை? மேத்தியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 4

இன்னும் ஆறவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

கல்யாணமாகி நாசரேத்திலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்த வருஷம், மேஜிக்காரர் வரவில்லையென்று என்னை மேடையில் பிடித்துத் தள்ளினார்கள். கண்ணால் பார்த்ததைச் செய்தேன். கேக் மாவைத் தட்டில் ஊற்றி பேக்கரிக்குச் சுட எடுத்துப்போகிற பெண். தன் மாவை மாற்றிவிடுவார்களென்று அடுப்புக்கு முன்னால் காவல் கிடந்து ஊரையே சந்தேகப்படுவாள். தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் ஏச்சு, நடுவில் பாட்டு. கிர்க்கி, தேஹு ரோடு, வானவடி என்று கூப்பிடாத இடமில்லை. பகலில் பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடித்தேன், சாயங்காலம் சனங்களைச் சிரிக்கவைத்தேன். கீபோர்டு என் வீட்டுக்காரர் டக்ளஸ். பாட்டு முடிகிற இடத்தில் அவர் ஒரு கட்டையை அழுத்தினால்தான் சிரிப்பு வெடிக்கும்.

இப்போது சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாதாம், அதனால் என் காமெடி வேண்டாமாம். புரியாதவர்களையும்தானே இத்தனை காலம் சிரிக்கவைத்தேன்!

டிசம்பர் 9, திங்கள்

பாவி மனுஷன்! காமெடிக்குப் பதில் பொன்னாடை போட்டுவிடலாமா என்று ஜோபின் போன மாசமே டக்ளஸிடம் கேட்டிருக்கிறான். சரியென்று தலையாட்டிவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி என்னோடு பாட்டும் பழகியிருக்கிறார்.

"மரியாதையா இறங்கிருவோமே எஸ்தரு. ஒரு நாள் யாரும் சிரிக்காமப் போச்சுன்னா? அத என்னால பாக்க முடியாது."

"நான் பாத்துக்கிடுவேன். சிரிக்காட்டா அடுத்த வரியச் சொல்லுவேன். எனக்காக சரின்னு சொல்ல நீங்க யாரு?" என்றேன்.

டிசம்பர் 16

பேச்சில்லை. சோறு மட்டும் வைக்கிறேன். குழம்பில் உப்பு கூட. வேண்டுமென்றேதான்.

டிசம்பர் 22, ஞாயிறு

போனேன். பட்டுப்புடவை கட்டி, மேடை நாற்காலியில், வாயைக் கட்டிக்கொண்டு. ஜோபின் என் பெருமைகளைத் தட்டுத் தடுமாறி வாசித்தான். உயிரோடு இருக்கிறவளுக்கு இரங்கல் கூட்டம்! பொன்னாடை தோளில் விழுந்தது. ஷீல்டு கைக்கு வந்தது. "ரெண்டு வார்த்தை, ஆன்ட்டி" என்று மைக்கை முன்னால் வைத்தான்.

பொன்னாடையை முக்காடு போட்டேன். ஷீல்டை மல்லாத்தி மாவுத் தட்டாக ஏந்தினேன். "ஏ பேக்கரிக்காரரே! இது என் மாவு. முந்திரி எண்ணி வச்சிருக்கேன்!"

பெரியவர்கள் சிரித்தார்கள். முன்வரிசை இளசுகள் விழித்தன. விடுவேனா? ஜோபினை இழுத்து நிறுத்தி, அவன் கோட்டுப் பையெல்லாம் தடவி என் முந்திரியைத் தேடினேன். அப்போது சிரித்தன, நாற்காலியைத் தட்டித் தட்டி. பாட்டை எடுத்தேன். முடிகிற இடத்தில் கீபோர்டில் ஒரு கட்டை விழுந்தது. டக்ளஸ் எப்போது எழுந்து போனாரோ தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் கோபம்தான்.

ஜனவரி 11, சனி

ஜோபின் வீட்டுக்கு வந்தான். ஈஸ்டர் புரோகிராமில் பத்து நிமிஷம் தருவானாம். இருபது கேட்டிருக்கிறேன். பொன்னாடையை அலசிக் காயப்போட்டேன், இனி அது வேஷச் சாமான். டக்ளஸ் கேட்காமலே கீபோர்டைத் துடைத்து வைத்திருக்கிறார்.

குழம்பில் இன்று உப்பு அளவாகத்தான் போட்டேன்.