இரண்டாவது பிரேக்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களோடு பேசுவதில்லை என்று போன வருடம் சொன்னது சொன்னதுதான். எழுதுவதில்லை என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. அண்ணன் கடிதத்தைப் பிரித்துவிடக் கூடாது என்று உங்கள் லேப் முகவரிக்கே அனுப்புகிறேன்.

எனக்கு மார்பில் ஒரு கட்டி. ஊசி வைத்துத் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள், புற்றுநோய்தான். ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள், நான் தள்ளிப்போட்டுவிட்டேன். காரணம் மாடி வீட்டுக்காரம்மா. "யார் மேலயோ கோபத்தை மனசுல அடக்கி வெச்சிருக்க. அதுதான் கட்டியா நிக்குது. மன்னிச்சுரு, தானா கரைஞ்சிடும்" என்றார். யோசித்துப் பார்த்தேன். நான் கோபத்தை அடக்கி வைத்திருக்கும் ஒரே ஆள் நீங்கள்தான். மற்றவர்கள் மேல் வருவதை அப்போதே காட்டிவிடுகிறேன்.

ஆகவே, என் டிரைவிங் ஸ்கூல் காரைக் கொண்டுபோய் என் கேட்டிலேயே மோதியதையும், வகுப்புக்கு வந்த அத்தனை பேர் முன்னால் "இவளுக்குச் சொல்லித்தரத் தெரியல" என்றதையும் முழு மனதோடு மன்னிக்கிறேன். கிடைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த மாதம் வரை கரைகிறதா என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு பேசாத நாத்தனார்

மார்ச் 9

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

உன் மன்னிப்பு வந்து சேர்ந்தது. எனக்கு வேண்டாம், திருப்பி அனுப்புகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது படித்தேன். டப்பாவைத் திறக்கவே இல்லை. நான் லேபில் என்ன செய்கிறேன் என்று நினைத்தாய்? உன்னைப் போன்றவர்களிடமிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி டாக்டர் பார்க்கக் கொடுக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒன்றில்கூடக் கோபம் தென்பட்டதில்லை.

உன் தொழிலை வைத்தே சொல்கிறேன். ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு, பழகுகிறவருக்கு ஒன்று, உனக்கு ஒன்று. உடம்பின் செல்லிலும் அப்படித்தான். போதும், பெருகாதே என்று நிறுத்தும் மரபணு அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று. செல் இரண்டாகப் பிரியும்போது மரபணுவை நகலெடுப்பதில் பிழை விழுந்து ஒன்று கெட்டாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் இரண்டும் கெட்டால்தான் ஆபத்து. அப்போதும் உடனே கட்டி ஆகிவிடாது. பெருகச் சொல்லும் ஆக்சிலரேட்டர் அழுந்தியபடியே சிக்கிக்கொள்ள வேண்டும், கெட்ட செல்லைத் தேடி அழிக்கும் உடம்பின் காவலுக்குத் தப்ப வேண்டும், தனக்கென்று ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இதெல்லாம் நடக்கப் பொதுவாகப் பல வருடம் பிடிக்கும். கையில் தட்டுப்படும் அளவுக்கு வளர்ந்திருக்கிறதென்றால், நான் உன் காரில் ஏறுவதற்கு வெகு முன்பே அது தொடங்கியிருக்கும். நம் சண்டைக்கு ஒரு வயதுதான் ஆகிறது.

அதனால் நீ மன்னித்தாலும் திட்டினாலும் அதற்குக் காது கேட்காது. போய் ஆபரேஷனுக்கு நாள் வாங்கு. அதுவரை என்னை மன்னிக்கவே கூடாது. எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அண்ணனிடம் நீயே சொல்.

மன்னிக்கப்படாத அண்ணி

பி.கு. நீ நிஜமாகவே சரியாகச் சொல்லித்தரவில்லை.

மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டேன். 22ஆம் தேதி ஆபரேஷன்.

அண்ணனிடம் சொன்னேன். போனிலேயே அழுதான், நான்தான் தேற்ற வேண்டியிருந்தது. மாடி வீட்டுக்காரம்மாவிடம், நகலெடுப்பதில் விழுந்த பிழை, யாரும் காரணமில்லை என்று விளக்கினேன். "யாருமே காரணமில்லன்னா அப்ப யாரைத்தான் திட்டுறது?" என்று கேட்டார். அவருக்கு ரொம்ப வருத்தம்.

எனக்கு வருத்தமில்லை. என் கெட்ட மனசுதான் இதை வளர்த்துவிட்டது என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன். உங்கள் கடிதம் படித்த பிறகுதான் நன்றாக மூச்சு விட்டேன். இனி உங்கள் மேல் நிம்மதியாகக் கோபப்படலாம்.

அப்புறம், அன்றைக்கு நீங்கள் பிரேக் பிடிக்கவில்லை என்பதில் மாற்றமே இல்லை.

நாத்தனார்

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

கட்டியை முழுதாக எடுத்தாயிற்று. வெட்டியெடுத்த ஓரங்கள் சுத்தமாம், அக்குளுக்கும் பரவவில்லையாம். ரிசல்ட்டை வாசித்ததும் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். உங்களைப் போல யாரோ ஒருவர் மெல்லியதாகச் சீவிக் கொடுத்திருக்கிறார். அவருக்காவது கார் ஓட்டத் தெரியுமோ என்னவோ.

இனிக் கதிர்வீச்சு, சில வாரம் தினமும் போக வேண்டும். நான் கொஞ்ச நாள் ஸ்டியரிங் தொடக் கூடாது என்கிறார் டாக்டர். "கூட்டிட்டு வர யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். வாய் தானாக "அண்ணி இருக்காங்க" என்று சொல்லிவிட்டது.

லீவு போட்டுவிட்டு வாருங்கள். ஸ்கூல் காரிலேயே போகலாம். நீங்கள் ஓட்டுங்கள், பக்கத்து சீட்டில் நான், என் காலடியில் அந்த இன்னொரு பிரேக். யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு நாம் இரண்டு பேருமே பிடிக்கவில்லை.

இப்போது மன்னித்தால் மருந்துக்காக என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவசரமில்லை, போகிற வழியில் பேசிக்கொள்ளலாம்.

கேட்டை மட்டும் கழற்றி உள்ளே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள்
நாத்தனார்